பேர் போடாத பால்

மாஸ்டருக்கு இரண்டு வேலைகள். திங்கள் முதல் சனி வரை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரார்த்தனைக் கூடத்தில் பேசுவது இன்னொன்று. கார் சொல்லித்தரும்போது அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பேச்சில் அப்படி எதுவும் கிடையாது. பத்தரைக்கு முடிய வேண்டியது பதினொன்றேகாலைத் தொட்டு, பின்வரிசையில் யாராவது கொட்டாவியை இருமலாக மாற்றும்போதுதான் கொஞ்சம் வேகம் குறையும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மோசமான பேச்சாளர் இல்லை. அதிலும் கொடுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"பெரியவங்க கொடுக்கிறத மூணு தினுசா பிரிச்சாங்க. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, விட்டாப் போதும்னு தூக்கிப் போடறது ஒண்ணு. அதுக்குக் கொடுக்காமலே இருக்கலாம். பேரு வரும், நாளைக்கு நமக்கும் உதவும்னு கொடுக்கிறது ரெண்டாவது. அது கொடுக்கிறதில்ல, வியாபாரம். மூணாவதுதான் உசத்தி. திருப்பித் தர முடியாதவங்களுக்கு, கொடுக்கணுங்கிற ஒரே காரணத்துக்காகக் கொடுக்கிறது. கொடுக்கிற பொருளும் ஆண்டவனுது, வாங்க வந்து நிக்கிறதும் அவன்தான். நடுவுல நின்னு 'நான் கொடுத்தேன்'னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு?"

கூட்டம் தலையாட்டும். அப்படி ஆட்டும் தலைகளுக்கு நேர் எதிரே, சுவரில், ஒரு பெரிய கடிகாரம். மாஸ்டர் வாங்கி மாட்டியதுதான். அதன் முகத்தில் அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், டிரைவிங் ஸ்கூலின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் சிவப்பு எழுத்தில் இருக்கும். மணி பார்க்க நிமிர்ந்தவர்கள் எண்ணைப் படித்துவிட்டு, மணியை மறந்து குனிவார்கள். அவர் மனைவி இதை இரண்டு முறை சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "நாலு பேருக்குத் தூண்டுதலா இருக்கட்டுமேன்னுதான்" என்று வாயை அடைத்துவிட்டார்.

வீட்டில் அவர், மனைவி, மருமகள், நாலு மாதப் பேத்தி. மகன் கப்பலில் இயந்திர அறையில் வேலை. வருஷத்தில் பாதி கடலில். மருமகள் மத்தியப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று அவள் குரலில் கேட்டுத்தான் ஊரே ஏறி இறங்கியது. ஆனால் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே கூலி கேட்பவள் போல இருப்பாள். ஏம்மா இப்படி என்று கேட்டால், "மைக்குல பேசி முடிச்சாச்சு மாமா" என்பாள். இப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டிவலிக்கு ஐஸ் வைக்கலாமென்று மாஸ்டர் ஃபிரிட்ஜின் மேல்கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். இரண்டு இழுப்பறைகள் நிறையச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள், அலுவலகக் கோப்புகள் மாதிரித் தட்டையாக உறைந்து, வரிசை குலையாமல் நின்றன. மேல் இழுப்பறைப் பைகளில் தேதியும் மணியும் மட்டும் எழுதியிருந்தது. கீழ் இழுப்பறைப் பைகளில் கூடவே ஓர் எண். எல்லாவற்றிலும் பதினேழு.

"பேத்திக்கா இவ்வளவும்? என் மருமக கெட்டிக்காரிதான்" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னார்.

"மேல இருக்கிறது பேத்திக்கு. அவ வேலைக்குப் போனப்புறம் நான் புகட்டறதுக்கு" என்றாள் மனைவி. "கீழ இருக்கிறது ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?"

"அங்க பால் வங்கி இருக்குங்க. மாசம் முழுசா ஆகாம, அவசரப்பட்டுப் பொறந்த குழந்தைங்களுக்கு. அம்மாங்களுக்கு முடியாமப் போனா, வேற தாய்ங்க கொடுத்த பாலைச் சுத்தம் பண்ணிக் கொடுப்பாங்க. நம்ம பொண்ணு மூணு மாசமா கொடுக்கிறா. ரத்தப் பரிசோதனையெல்லாம் முடிச்சுத்தான் சேர்த்துக்கிட்டாங்க. வாரா வாரம் நான்தான் பஸ்ல கொண்டு போறேன்."

"மூணு மாசமாவா? எனக்கு யாருமே சொல்லலையே!"

"ஒளிச்சா வெச்சோம்? வாரா வாரம் உங்க முன்னாடிதான் பெட்டியத் தூக்கிட்டுப் போறேன். இந்த வீட்டுல நீங்க பேசறதக் கேட்க மூணு பேர் இருக்கோம். எங்களப் பார்க்கத்தான் ஆள் இல்ல."

மாஸ்டர் ஐஸை மறந்து கூடத்துக்கு வந்தார். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்கவும் கூச்சம், கேட்காமல் விடவும் மனசில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்மா… நல்ல காரியம்தான். நம்ம குழந்தைக்குக் குறைஞ்சுடாதே?"

"குறையாது மாமா. எடுக்க எடுக்கத்தான் ஊறும். டாக்டர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"சரி. யாருக்குப் போகுது?"

"தெரியாது மாமா. அவங்க சொல்லமாட்டாங்க, நாமும் கேட்கக் கூடாது. எங்க பேரும் அவங்களுக்குத் தெரியாது. எண் மட்டும்தான். நான் பதினேழு."

"அதுக்கில்லம்மா. எந்த மாதிரிக் குடும்பம், எந்த…"

மருமகள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"தொள்ளாயிரம் கிராம் குழந்தை மாமா. அது இன்னும் எந்த மாதிரியும் ஆகலை."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஆறாவது மேடையில் வண்டி நிற்கிறது என்பதைப் போலச் சொன்னாள். மாஸ்டருக்குக் காது மடல் சூடேறியது. மருமகள் பிரசவித்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், குறைமாதக் குழந்தைக்குப் பால் சுரக்காமல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள் என்றும், அதைப் பார்த்துத்தான் இவள் நர்ஸிடம் போய்க் கேட்டாள் என்றும் மனைவி பிறகு சொன்னாள். அவர் அன்றைக்குச் சாப்பாட்டில் எதற்கும் குறை சொல்லவில்லை. மூன்று தினுசுகளையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் எந்த விரலில் வருகிறது என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மாஸ்டர் அப்போது ஒரு தாவரவியல் டீச்சருக்கு வண்டி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர். சிக்னலில் நிறுத்திக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் வண்டி தும்மி அணைந்துபோகும். அதனால் மற்ற மாணவர்கள் வைத்த பெயர் கிளட்ச் அக்கா.

"மாமா, கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?" மருமகளின் குரல். அவள் அவருக்குப் போன் செய்ததே அதுதான் முதல் தடவை. "ஆஸ்பத்திரியில ஃபிரீசர் கெட்டுப்போய், சேர்த்து வெச்சிருந்தது எல்லாம் வீணாயிடுச்சாம். மூணு குழந்தைங்க அதை நம்பித்தான் இருக்குதாம். சுத்தம் பண்ணித் தனியா வெச்சிருக்கிறது ரெண்டு நாளைக்குத்தான் வருமாம். பாலைச் சுத்தம் பண்ணிச் சோதிச்சு முடிக்க அவங்களுக்கே அந்த ரெண்டு நாள் வேணும். இன்னைக்கே கொடுத்தாத்தான் சரியா இருக்கும். அத்தைக்குக் காலையிலேர்ந்து காய்ச்சல், பஸ்ல அனுப்ப முடியாது."

மாஸ்டர் அக்காவைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே ஓட்டினார். வீட்டுக்குள் போனபோது மருமகள் தரையில் உட்கார்ந்து பெட்டியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழ் இழுப்பறை காலி. மேல் இழுப்பறையும் பாதி காலி.

"அது குழந்தையோடதும்மா!" என்றார் மாஸ்டர், தன்னையும் அறியாமல்.

"அவளுக்கு நான் இருக்கேன் மாமா. அதுங்களுக்கு இந்தப் பைதான் இருக்கு."

"திங்கக்கிழமை நீ வேலைக்குப் போகணுமே?"

"இன்னும் நாலு நாள் இருக்கு. சேர்த்துக்கலாம்."

மேல் இழுப்பறையில் மிச்சமிருந்ததையும் எடுத்தாள். இரண்டே இரண்டு பைகளை மட்டும் உள்ளே விட்டாள். மீதியில் எண் இல்லாத ஒவ்வொரு பையிலும் பேனாவால் பதினேழு என்று எழுதினாள். மூன்று மாதம் தூக்கம் கெட்டுச் சேர்த்தது. அதை எழுதும்போது அவள் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை என்பதை மாஸ்டர் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நெஞ்சுக்குள் என்னவோ பெரிதாகி, சட்டைப் பொத்தான் வரை வந்து முட்டியது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டுகையில் மருமகள் கூப்பிட்டாள்.

"மாமா, இதை ஞாயித்துக்கிழமை கூடத்துல பேசிடாதீங்க."

"பேர் சொல்லமாட்டேன்மா. சும்மா, 'ஒரு பெண்'னு மட்டும்…"

"நீங்க 'ஒரு பெண்'னு சொல்லும்போதே உங்க முகம் நம்ம வீட்டு விலாசத்தைச் சொல்லிடும் மாமா."

பின்சீட்டில் கிளட்ச் அக்கா பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டார். "சார், என்ன சார் இதுல? இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

வாழ்நாளில் யாரும் கேட்காமலே பதில் சொல்லிப் பழகிய மனிதர், கேட்ட கேள்விக்கு எச்சிலை விழுங்கினார். "மருந்து டீச்சர். குழந்தைங்களுக்கு."

ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிட வழி. பாதி தூரத்தில், மேம்பாலத்துக்கு முன்னால், இரும்புக் குழாய் ஏற்றிய லாரி ஒன்று சுமையைத் தெருவில் கொட்டியிருந்தது. முன்னால் வண்டி, பின்னால் வண்டி, பக்கத்தில் வண்டி. திரும்பவும் வழியில்லை. ஹாரன் அடித்தவர்கள் அடித்து ஓய்ந்து, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். வெயில் காரின் கூரையைத் தோசைக்கல்லாகக் காய்ச்சியது. பத்து நிமிடம், இருபது நிமிடம். மாஸ்டர் கையை நீட்டிப் பெட்டியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த சில்லிப்பு இல்லை. பெட்டி மெல்லியது, கடையில் குளிர்பானம் வைக்க விற்கிற ரகம். உருகிவிட்டால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று மனைவி ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது.

"டீச்சர், இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ரெண்டு கிலோமீட்டருக்கு மேல இருக்கும் சார். ஏன்?"

"நீங்க முன்னாடி வந்து உட்காருங்க. வழி விட்டா, வண்டிய அதோ அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓரங்கட்டிடுங்க. அதுக்கு மேல ஓட்டாதீங்க."

"நானா? தனியாவா? பக்கத்துல பிரேக் போட ஆள் இல்லாமலா?"

"பிரேக் உங்க காலடியிலயும் இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கி நடந்தார்.

நடந்தாரா, ஓடினாரா என்று கேட்டால் இரண்டுக்கும் நடுவில். அறுபத்திரண்டு வயது, ஒரு முட்டி பேச்சு கேட்காது. லாரிக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நுழைந்தார். குழாய்களின் மேல் கால் வைத்துத் தாண்டினார். நிழல் இருக்கும் பக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தெருவைக் கடந்தார். தனக்காக இல்லை, பெட்டிக்காக. ஒரு வளைவில் முட்டி சுருக்கென்றது. நின்று மூச்சு வாங்கியபோது, பழக்கடைக்காரர் ஒருவர் முக்காலியை நகர்த்தி, "உட்காருங்க பெரியவரே, இந்த வெயில்ல அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டார். அப்போதும் நாக்கு நுனி வரை வந்தது. என் மருமகள் யார் தெரியுமா என்று அந்தத் தெருவுக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். பழக்கடைக்காரர் ஜூஸ் போட வைத்திருந்த ஐஸில் பாதியை ஒரு பையில் அள்ளிக் கட்டிக் கொடுத்துவிட்டு, காசு நீட்டிய கையைத் தள்ளிவிட்டார். அவரும் பெயர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

மூன்றாவது மாடியில் பால் வங்கி. ஒரு அறை, ஒரு மேஜை, சுவரோரம் புதிதாக வந்திறங்கிய ஃபிரீசர். நர்ஸ் ஒவ்வொரு பையாக எடுத்து அழுத்திப் பார்த்தாள். மாஸ்டர் முகத்து வியர்வையைத் துடைக்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை எழுதின பிள்ளைகூட அப்படி நின்றிருக்காது.

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள் நர்ஸ். எண்ணினாள். எண்ணி முடித்து நிமிர்ந்தாள். "பதினேழு வழக்கமா கொடுக்கிறத விட இது மூணு மடங்கு. அவங்க குழந்தைக்கு வெச்சிருந்ததையும் அனுப்பிட்டாங்களா?"

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

பெட்ரோல் பங்குக்குத் திரும்பி வந்தபோது, கார் ஓரத்தில் கோடு போட்டது போல நேராக நின்றிருந்தது. கிளட்ச் அக்கா பானட் மேல் கை வைத்துக்கொண்டு, வேட்டையாடிய புலியின் மேல் கை வைத்தவர் மாதிரி நின்றார். "ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை சார்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பேசினார். அதைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் பேச்சு தானாகப் பால் வங்கிக்குப் போய்விடும் என்று பயம். பத்தரைக்கு முடித்தார். உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள்.

மறுநாள் மருமகள் வேலைக்குப் போனாள். நான்கு நாளில் சேர்த்தது ஒரு வாரத்துக்குக் காணாதென்று, இடைவேளையில் பேருந்து நிலையத்துச் சாமான் அறையில் தாளிட்டுக்கொண்டு பால் எடுத்தாள். மதியம் மாஸ்டர் போய் வாங்கி வந்தார். பேத்திக்கு ஒரு வேளையும் குறையவில்லை. அவள் கன்னம் அதற்குச் சாட்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேச்சு முடிகிற நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தான். முப்பது வயதிருக்கும். கை ரேகைகளில் கறுப்பேறியிருந்தது. டயர் கடையில் வேலை செய்பவனாம். சட்டைப் பையில் ஆஸ்பத்திரியின் பார்வையாளர் அட்டை தொங்கியது.

"ஐயா, நான் இங்க வழக்கமா வர்றவன் இல்ல. ஒரு நன்றி சொல்லணும். யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. அதான் இங்க வந்தேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாஸ்டரின் கை ஒலிவாங்கியை இறுகப் பிடித்தது.

"என் குழந்தை ரெண்டரை மாசம் முன்னாடியே பொறந்துடுச்சுங்க. என் கை ரெண்டையும் சேர்த்து வெச்சா அதுலயே அடங்கிடும். அதோட அம்மாவுக்கு இன்னும் சரியா நினைவு திரும்பல. யாரோ ஒரு தாய் பால் கொடுத்திருக்காங்க. யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுட்டாங்க. கையில தொட்டா உதிர்ந்துடுமோன்னு இருந்த குழந்தை… எட்டு நாள்ல எண்பது கிராம் ஏறியிருக்கு." அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நீங்க பெரியவங்க, நல்லது கெட்டது தெரிஞ்சவங்க. அந்தத் தாய்க்கு நான் எப்படி நன்றி சொல்றது? சொல்லுங்க."

கூடம் முழுவதும் மாஸ்டரைப் பார்த்தது. ஒலிவாங்கி லேசாகக் கூவியது. மூன்றாவது வரிசையில் பேத்தியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி, அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் இனி வராது. ஒரே ஒரு வாக்கியம் போதும். கூடம் எழுந்து நிற்கும்.

பதினேழாகவும் இருக்கலாம், பதினெட்டாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கு எத்தனை வீட்டிலிருந்து எத்தனை பெட்டி வந்ததோ. யாருடையதாக இருந்தால்தான் என்ன? இப்படி நினைத்த பிறகும் நெஞ்சுக்குள் இருந்த பெருமிதம் ஒரு சொட்டும் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாகத்தான் ஆயிற்று.

"நீங்க இப்ப சொன்னீங்களே தம்பி" என்றார் மாஸ்டர். "அது போய்ச் சேர்ந்திருக்கும்."

அதற்கு மேல் பேசாமல் கீழே இறங்கினார். அவன் கறுத்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே செருப்பு மாட்டும்போது வயதான ஒருவர், "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நல்லா பேசினீங்க" என்றார். வழக்கமாக நான்கடி முன்னால் நடக்கும் மனைவி, அன்றைக்கு வீடு வரை அவர் பக்கத்திலேயே நடந்தாள்.

காலைப் பணி முடித்து வந்த மருமகளிடம் அவர்தான் சொன்னார். அழகுபடுத்தாமல், நடந்ததை நடந்தபடி.

"எத்தனை கிராம் மாமா?"

"எண்பது."

"எண்பதா?" என்றாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எண்பது" என்றாள் குழந்தையிடம். பிறகு ஜன்னலைப் பார்த்து மறுபடியும், "எண்பது!" ஊருக்கெல்லாம் கேட்கிற அந்தக் குரல் வீட்டுக்குள் அப்படி ஒலித்து மாஸ்டர் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து, மிச்சமானதை எடுத்துக்கொண்டு மாஸ்டர் மறுபடி மூன்றாவது மாடிக்குப் போனார். மேஜையில் புது நர்ஸ். நோட்டைத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினாள்.

"கொடுக்கிறவங்க எண்?"

"பதினேழு."

"கொண்டு வந்த நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"மாமனார்" என்றார் மாஸ்டர்.

கேட்ட கேள்விக்குத் தேவையானதைவிடச் சத்தம் கொஞ்சம் கூடுதல்தான். நடைக்கூடத்தில் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.